பலெர்மோவில் மகளுக்கு ரொசாலியா என்று பெயர் பதிந்தோம்

எங்கள் மகளுக்கு ரொசாலியா துளசி என்று பெயர். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிற தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைவக் குடும்பங்களும் பெல்லெக்ரினோ மலை ஏறி, குகைக் கோயிலில் சாந்தா ரொசாலியாவுக்கு, அதாவது புனித ரொசாலியாவுக்கு, மெழுகுதிரி கொளுத்துகிற ஊர் இது. மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அங்கே வைத்த நேர்த்திதான் இந்தப் பெயர்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாதான், "உதென்ன பேர் தம்பி, வாய்க்குள்ள நுழையுதில்லை" என்றார். ரோசாப்பூவின் பெயர் என்றதும் சமாதானமானார். ரோசாவும் லில்லியும் சேர்ந்த பெயர் என்று இங்கே சொல்வார்கள். பழைய ரோமர் கல்லறைகளுக்கு ரோசாப்பூச் சாத்திய சடங்குக்கும் ரொசாலியா என்றே பெயர். எனக்கு அந்த வழிதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பலெர்மோக்காரர் இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது பூவுக்காக இல்லை. 1624இல் ஊரைக் கொள்ளைநோய் பிடித்தபோது, 12ஆம் நூற்றாண்டுத் துறவியான ரொசாலியாவின் எலும்புகளை அந்த மலையில் கண்டெடுத்து, அடுத்த வருடம் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே நோய் விலகியது என்பது ஊரின் நம்பிக்கை.

சரி, பதிவுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலேயே பதிவதென்றால் பிறந்து 3 நாளுக்குள். கொமூனே, அதாவது நகரசபையில் என்றால் 10 நாளுக்குள். நாங்கள் கொமூனேக்குப் போனோம். மூன்று பெயர் வரை வைக்கலாம். அங்கிருந்த பெண் அலுவலர் எங்கள் படிவத்தைப் பார்த்ததும் சிசிலிப் பேச்சில் "ருசுலியா!" என்று முகம் மலர்ந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டு பெயருக்கும் நடுவில் கமா வேண்டுமா?

இதைக் கவனியுங்கள். கமா போட்டால் சான்றிதழ்களில் முதல் பெயர் மட்டுமே வரும். போடாவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். என் அம்மா ஆசையாகக் கூப்பிடும் துளசி விடுபடக் கூடாது என்று கமா வேண்டாம் என்றோம். துளசியை Tulasi என்று எழுத்துக்கூட்ட, அந்த அலுவலர் ஒவ்வொரு எழுத்திலும் தொடங்கும் ஊர்ப்பெயர்களை அடுக்கினார்: டொரினோ, ஊதினே, லிவோர்னோ, அன்கோனா, சவோனா, இமொலா. இங்கே தொலைபேசியிலும் அப்படித்தான் எழுத்துச் சொல்வார்கள், பழகிக்கொள்வது நல்லது.

பிறந்த பிள்ளைக்கும் கொடுக்கிற வரி எண்ணில் (codice fiscale) பிறந்த தேதியும் இருக்கும்; அதில் மகள் பிறந்த 9ஆம் தேதி 49 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், பெண்களுக்கு 40 கூட்டித்தான் போடுவார்கள். தூதரகப் பதிவு, கடவுச்சீட்டு எல்லாம் பிறகு இந்தப் பதிவை வைத்தே நடக்கும். அதனால் கையெழுத்துப் போடுமுன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.