மணிக்கு 35 மில்லி

அண்ணாவுக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்த வலி முதுகுவரை ஓடியது. படுத்தால் கூடுகிறது, குனிந்து இருந்தால் கொஞ்சம் குறைகிறது என்றார். காஸ்ட்ரிக் என்று நினைத்து உப்புவெளி வீட்டில் ஓமத் தண்ணீரோடு ஒரு இரவை வீணாக்கினோம். விடியும்வரை வாந்தி நிற்கவில்லை. 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

பித்தப்பையில் கற்கள். ஒன்று நழுவிக் குழாயை அடைக்க, சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாளாகியும் சிறுநீரகம் தேறவில்லை. "கணைய அழற்சி, கடுமையான வகை" என்றார் டொக்டர். அண்ணா ஐசியூவுக்குப் போனார்.

கனடாவிலிருக்கும் மச்சான் இரவிரவாக வாட்ஸ்அப்பில் நின்றான். யப்பானில் தொடையிடுக்குத் தமனியால் மெல்லிய குழாய் விட்டு மருந்தைக் கணையத்துக்கே நேராக ஏற்றுகிறார்களாம், கேட்டுப் பார் என்றான். கேட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை. ஒரு கடதாசித் துண்டின் பின்பக்கத்தில் பெருந்தமனியைக் கோடாக இழுத்து, கணையத்துக்குப் போகும் கிளையைக் காட்டினார். அழற்சியில் அங்கே இரத்த ஓட்டம் குறைந்துவிடும், கை நரம்பில் ஏற்றும் மருந்து போதியளவு போய்ச் சேராது. அதனால் கணையத்தைச் செரிக்கும் நொதியை அடக்கும் நஃபமோஸ்டாட் போன்ற மருந்தையும் அன்டிபயோட்டிக்கையும் இந்த வழியாக நாட்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். "ஆனால் இதனால் கூடுதலாக ஆட்கள் பிழைக்கிறார்கள் என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. குழாயால் இரத்தம் கட்டலாம், கிருமியும் வரலாம். இப்போதைக்கு சேலைன், வலி மருந்து, மூக்குக் குழாயால் சாப்பாடு. நீங்கள் பையில் எவ்வளவு சிறுநீர் சேருகிறது என்று கேளுங்கள்."

எழுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 35 மில்லியாவது போக வேண்டும். தாதி மிஸ்ஸி கதவைத் திறக்கும் போதெல்லாம் கேட்டு, மகளின் கொப்பியில் எழுதினேன். 10. 15. 12. அண்ணி அந்தக் கொப்பியைப் பார்க்கவே மாட்டேன் என்று திரும்பிக்கொண்டார். விடியப்புறம் நாலு மணிக்கு மிஸ்ஸி தானாகவே வெளியே வந்து, "நாப்பத்திரண்டு" என்றார்.

மச்சான் அப்போதும் "குழாய் விட்டாச்சா?" என்று கேட்டிருந்தான். சரி, அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கொப்பியைப் படமெடுத்து அனுப்பினேன்.

பித்தப்பையை உடனே எடுக்கவில்லை. வயிற்றுக்குள் தேங்கிய நீர் வற்ற வேண்டுமாம். இரண்டு மாதம் கழித்து எடுத்த கற்களைப் போத்தலில் தந்தார்கள். மிளகளவுதான் இருந்தன.