ஊட்டி உயரத்தில் ஒரு உலகக் கோப்பை மைதானம்

கால்பந்து உலகக் கோப்பை நெருங்க நெருங்க எங்கே பார்த்தாலும் மைதானங்களைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை பேர் உட்காரலாம், கூரை மூடுமா, ஏசி உண்டா, டிக்கெட் என்ன விலை. 2026 போட்டிக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டிலும் சேர்த்து 16 மைதானங்கள், 104 ஆட்டங்கள். பட்டியலைப் பார்த்ததும் நான் தேடியது இதில் எதையும் இல்லை. ஒவ்வொரு மைதானமும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைத்தான்.

மலைக்காரிக்கு அப்படித்தான் புத்தி போகும். அதிலும் நான் பள்ளியில் கோல் கீப்பர்.

மெக்சிகோ சிட்டியில் இருக்கும் அஸ்டெக்கா மைதானத்தின் உயரம் ஏறக்குறைய 2,200 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பும் நம் மலை ரயில் ஏறி ஏறி ஊட்டியில் வந்து நிற்பது 2,203 மீட்டரில். 1970 இறுதி ஆட்டத்தில் பெலேயின் பிரேசில் இத்தாலியை 4-1 என்று அடித்ததும், 1986 இறுதி ஆட்டத்தில் மரடோனாவின் அர்ஜென்டினா மேற்கு ஜெர்மனியை 3-2 என்று முடித்ததும் நம் ஊட்டி உயரத்தில்தான். மூன்றாவது முறையாக உலகக் கோப்பை ஆட்டங்கள் நடக்கப்போகும் முதல் மைதானமும் அதுதான்.

உயரம் என்றதும் எல்லோரும் மூச்சு வாங்குவதைத்தான் சொல்வார்கள். அது பாதிதான். மீதிப் பாதி பந்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கக் காற்று அவ்வளவு இல்லை, அதனால் அடித்த பந்து வேகம் அதிகம் குறையாமல் வரும். சுழற்றி அடித்தால் வளையவும் காற்று வேண்டும். அதுவும் குறைவு என்பதால், வளையும் என்று நினைத்த பந்து கொஞ்சம்தான் வளைந்துவிட்டு நேராகப் போகும். கோவையிலிருந்து எங்கள் ஊருக்கு ஆட வரும் பெண்களின் ஃப்ரீ கிக் எல்லாம் பாருக்கு மேலே பறந்து வேலியைத் தாண்டும். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. கீழே போனால் கதை மாறும். நான் அடிக்கும் கோல் கிக் நடுக்கோட்டைக்கூடத் தொடாமல் தொப்பென்று விழும். உயரமாக வரும் ஹை பாலைப் பிடிக்க கோலை விட்டு வெளியே ஓடி வந்தால், பந்து இன்னும் வந்து சேர்ந்திருக்காது. “பந்து லேட்டா வருது, நீயும் லேட்டா போ”ன்னு பி.டி. மாஸ்டர் கத்துவார். நல்ல அறிவுரைதான், செய்வதுதான் கஷ்டம்.

மெக்சிகோ பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நாள் மண்டியில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன் (மார்க்கெட்டில் கேரட் மண்டியில் கணக்கு எழுதுகிறேன்). 1970-இலும் 1986-இலும் ஆட்டம் நடந்த ஊர்களில் பெரும்பாலானவை நம் மலைகளில் அப்படியே உட்கார்ந்தன. அஸ்டெக்கா ஊட்டி. புவெப்லா கொடைக்கானல், இரண்டும் 2,130 மீட்டரைச் சுற்றி. லியோன் ஏறக்குறைய குன்னூர். டொலூகா 2,600 மீட்டருக்கு மேல், அதாவது தொட்டபெட்டா உச்சியில் கோல் போஸ்ட் நட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குவாடலஹாரா கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே. 1970-இல் பெலே தலையால் முட்டித் தரையில் குத்திய பந்தை இங்கிலாந்தின் கோர்டன் பேங்க்ஸ் ஒற்றைக் கையால் பாருக்கு மேலே தள்ளிவிட்டாரே, அது குவாடலஹாராவில்தான். கீப்பராக நின்ற யாரையும் கேளுங்கள், அந்தப் பந்து வந்த வேகத்தைப் பற்றிப் பெருமூச்சு விட்டுத்தான் பேசுவார்கள்.

மரடோனா விஷயத்துக்கு வருகிறேன். 1986 ஜூன் 22, காலிறுதி, அஸ்டெக்கா, எதிரே இங்கிலாந்து. ஐரோப்பாவில் மக்கள் டிவி பார்க்கும் நேரத்துக்குத் தோதாக ஆட்டத்தை உச்சி வெயிலில் வைத்துவிட்டார்கள். கையால் போட்ட கோலைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசியாகிவிட்டது, நான் பேசப் போவதில்லை. நாலு நிமிடம் கழித்துப் போட்ட இரண்டாவது கோல்தான் எனக்கு முக்கியம். தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, வழியில் வந்தவர்களை எல்லாம் தாண்டி, கடைசியில் கீப்பர் ஷில்டனையும் தரையில் உட்கார வைத்துவிட்டுப் போட்ட கோல். எல்லோரும் கால் வித்தையைப் பார்க்கிறார்கள். நான் நுரையீரலைப் பார்க்கிறேன். ஊட்டியில் நட்ட நடுப்பகலில் அரை கிரவுண்டுக்கு மேல் முழு வேகத்தில் ஓடிவிட்டு, கடைசி அடியை நிதானமாக வைக்க எத்தனை பேரால் முடியும்? ஊட்டி சேரிங்கிராஸிலிருந்து ஒரு மேடு ஏறினாலே சுற்றுலா வந்தவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, உயரம் இவ்வளவு உதவுமென்றால் மெக்சிகோ அல்லவா கோப்பையை வென்றிருக்க வேண்டும்? அஸ்டெக்காவில் அவர்களைத் தோற்கடிப்பது சிரமம்தான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 2001-இல் கோஸ்டா ரிக்கா ஜெயிக்கும் வரை அங்கே அவர்கள் தோற்றதே இல்லை. ஆனால் சொந்த நாட்டில் நடந்த இரண்டு உலகக் கோப்பையிலும் காலிறுதியோடு வெளியேறினார்கள், இரண்டு முறையும் அஸ்டெக்காவுக்கு வெளியே. 1970-இல் இன்னும் உயரமான டொலூகாவுக்குப் போய் இத்தாலியிடம் 1-4. 1986-இல் மான்டெர்ரேயில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில். மான்டெர்ரே சுமார் 500 மீட்டர்தான், வெயில் பிளக்கும் ஊர். ஊட்டி டீமைக் கூட்டிப்போய் மேட்டுப்பாளையத்தில் ஆடவிட்ட மாதிரி.

இதை மண்டிக்கு லோடு ஏற்ற வரும் மேட்டுப்பாளையத்து டிரைவர் தம்பியிடம் சொன்னேன். “அக்கா, அப்ப எங்கூரு வெயிலு உங்களுக்கு ஆகாதுன்னு ஒத்துக்கிறீங்களா?” என்றான். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் உயரத்தை மட்டும் அநியாயம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. 2007-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்றது. அந்தக் கணக்கில் ஊட்டி பாஸ், தொட்டபெட்டா ஃபெயில். லா பாஸ் நகரில் 3,600 மீட்டரில் மைதானம் வைத்திருக்கும் பொலிவியா கொதித்தது. மரடோனாவே லா பாஸ் போய் அவர்களுக்கு ஆதரவாக ஓர் ஆட்டம் ஆடினார். அடுத்த வருஷமே தடையை விலக்கிக்கொண்டார்கள். அப்புறம் 2009-இல் அதே மரடோனா பயிற்சியாளராக மெஸ்ஸியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனபோது பொலிவியா 6-1 என்று வெளுத்து அனுப்பியது! எனக்கு அந்த ஸ்கோர் ரொம்பப் பிடிக்கும். மலையில் பிறந்தவர்கள் மலையில் ஆடினால் அநியாயமாம், நாற்பது டிகிரி வெயிலில் ஆடவிட்டால் மட்டும் அது பருவநிலையாம்.

புல்லையும் சொல்லிவிடுகிறேன். அஸ்டெக்காவில் பல காலம் இருந்தது கிக்குயு புல். ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த அதே கிக்குயுதான் நீலகிரியில் பாதி மேடுகளை மூடிக் கிடக்கிறது. தடிமனாக, மெத்தை போல வளரும். காலை வாரும், ஆனால் கீப்பர் விழுந்தால் முழங்கை தப்பிக்கும். 2018-இல் அதை எடுத்துவிட்டு அஸ்டெக்காவில் கலப்புப் புல் (இயற்கைப் புல்லோடு செயற்கை இழை சேர்ந்தது) போட்டார்கள். அது சரியாகப் பிடிக்காமல் தரை கிழிந்து, அங்கே நடக்க இருந்த அமெரிக்கக் கால்பந்து (முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடுவது) ஆட்டத்தையே அந்த நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம்மிடம் கேட்டிருந்தால் ஒரு லோடு அனுப்பியிருப்போம். மெக்சிகோ பக்கமிருந்து வந்த மேரக்காயைத்தானே (சௌசௌ) நாம் இங்கே பந்தல் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

வரும் ஜூன் 11 தொடக்க ஆட்டம் அஸ்டெக்காவில், மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும். உயரத்தை வைத்து மெக்சிகோவுக்கு லேசான வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர், கோத்தகிரிக்கு ஈடு. அந்த நாட்டின் பெரிய கிளப்புகள் ஆடுவதும் அந்த மேட்டு நிலத்தில்தான். 2010-இல் இதே ஜூன் 11 அன்று இதே இரண்டு அணிகள் ஜோகன்னஸ்பர்க்கில் தொடக்க ஆட்டம் ஆடி 1-1 என்று முடித்தன. இந்த முறை சுமார் 450 மீட்டர் மேலே ஏறி வருகிறார்கள், அவ்வளவுதான். முதல் இருபது நிமிடம் தென்னாப்பிரிக்கக் கீப்பர் ஹை பாலுக்கு எப்போது வெளியே வருகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நமக்கு அது நள்ளிரவு 12.30. ஜூன் காற்றில் எங்காவது கற்பூர மரம் சாய்ந்து கரண்ட் போகாமல் இருந்தால் மண்டியிலேயே பார்ப்பதாக ஏற்பாடு. டிரைவர் தம்பி மெக்சிகோ 2-0 என்று நூறு ரூபாய் கட்டியிருக்கிறான். நான் டிரா.