சிவில் பார்ட்னர்ஷிப் பதிவு: இங்கிலாந்தில் நாங்கள் பட்ட பாடு

இங்கிலாந்தில் ஆணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளாமலேயே சிவில் பார்ட்னர்ஷிப்பில் (சட்டம் ஏற்கும் துணையுறவுப் பதிவில்) இணைய 2019 டிசம்பர் 31 முதல் சட்டம் இடம் தருகிறது. அப்படியிருந்தும், அதில் இணையப்போகிறோம் என்று நாங்கள் முன்கூட்டியே தரவேண்டிய முன்னறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டிய அலுவலரே "அது ஒருபால் இணையருக்கு மட்டும்தானே?" என்று கேட்டார். அப்போது எழுந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபால் இணையருக்காகவே இயற்றப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஆண்-பெண் இணையர் தொடுத்த வழக்கில், அந்த வரம்பு மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு சட்டம் மாறியது. இதையெல்லாம் விண்ணப்பதாரராகிய நான் எடுத்துச் சொல்ல நேர்ந்தது. அவர் உள்ளே சென்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, வருத்தம் என்ற ஒரு சொல்கூட இல்லாமல் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. சரிபார்க்கும்படி எங்களிடம் நீட்டிய படிவத்தில் "திருமணம்" என்றே அச்சாகியிருந்தது. திருமணத்துக்கான முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு சிவில் பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்ய முடியாது. அதில் கையெழுத்திட்டிருந்தால் ஆளுக்கு 42 பவுண்டு கட்டணத்தை மறுபடி செலுத்தி, முன்னறிவிப்புக்கும் பதிவுக்கும் இடையிலான 28 நாள் காத்திருப்பையும் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே, எவ்வளவு அவசரப்படுத்தினாலும், படிவத்தை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

இந்தியாவில் விவாகரத்து பெற்றவர்களுக்கு அடுத்த சோதனை ஆவணங்களில் காத்திருக்கிறது. நான் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து பெற்றவள். நேரம் ஒதுக்கி அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலில் "விவாகரத்து ஆவணம்" என்று மட்டுமே இருந்தது. நேரில் சென்றபோதோ, வழக்கறிஞர் தந்த நகல் செல்லாது, நீதிமன்ற முத்திரையுள்ள சான்றிட்ட நகல்தான் வேண்டும் என்றும், தமிழில் உள்ள பகுதிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணைவர் அன்று எடுத்த விடுப்பு வீண். சென்னையில் இருக்கும் என் தங்கை நீதிமன்ற நகல் பிரிவுக்கு அலைந்து அதை வாங்கி அனுப்பினாள். வெளிநாட்டு விவாகரத்தைப் பரிசீலிக்கத் தனிக் கட்டணமும் உண்டு.

நகல் வந்ததும் பெயர்ப் பிரச்சினை கிளம்பியது. தீர்ப்பில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்து மட்டுமே இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். ரத்து முத்திரையோடு பத்திரமாக வைத்திருந்த என் பழைய இந்தியப் பாஸ்போர்ட் கைகொடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரும் முன்னாள் கணவர் பெயரும் சேர்ந்தே இருப்பதால், தீர்ப்போடு ஒப்பிட்டதும் பேச்சு முடிந்தது. குடியுரிமை மாறிய பின் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குத் திருமணமே செய்துகொள்ளலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். மணப்பெண்ணாக மறுபடி ஒரு சடங்கில் நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்காகப் பாதுகாப்பில்லாமல் வாழவும் நான் தயாராக இல்லை. எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும், உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், பதிவு செய்யாத துணைக்கு இங்கே வாரிசுரிமை தானாக வந்துவிடாது. சிவில் பார்ட்னருக்கு அது உண்டு. வாரிசு வரி விலக்கு, ஓய்வூதியம், துணைவர் விசா என்று அநேகமாக எல்லாவற்றிலும் கணவன் மனைவிக்குள்ள உரிமையே அவருக்கும் கிடைக்கிறது. இதை அரைத் திருமணம் என்று சொல்பவர்களிடம் இந்தப் பட்டியலைத்தான் நான் காட்டுகிறேன்.

வேறுபாடுகள் சில உண்டு. திருமணத்துக்குச் சட்டம் வகுத்த உறுதிமொழியை வாயால் சொல்லியாக வேண்டும். சிவில் பார்ட்னர்ஷிப்புக்கோ பதிவாளர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் இருவரும் கையெழுத்திட்டால் போதும். தாம்பத்திய உறவு ஏற்படவில்லை என்ற காரணத்தைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்; சிவில் பார்ட்னர்ஷிப்பில் அந்தக் காரணத்துக்கு இடமில்லை. பிரிவதற்கான நடைமுறை, 2022 ஏப்ரலில் குற்றம் சாட்டாமல் பிரியும் முறை வந்த பிறகு, ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

பதிவு நாள் சிரமமில்லாமல் கழிந்தது.

ஆனால் ஊரில் சொத்தோ, திரும்பிச் செல்லும் எண்ணமோ உள்ளவர்கள் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டத்தில் சிவில் பார்ட்னர்ஷிப் என்ற உறவே கிடையாது. அங்கே என் துணைவரை என் கணவர் என்று காட்ட இந்தச் சான்றிதழை நம்ப முடியாது. மேலும், இங்கிலாந்துச் சட்டப்படி, இந்தப் பதிவை எதிர்நோக்கி எழுதியதாகக் குறிப்பிடாத பழைய உயில், பதிவு நடந்ததும், திருமணத்தில் போலவே, ரத்தாகிவிடும். இதைப் பதிவு அலுவலகத்தில் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. தற்செயலாக ஒரு வழக்கறிஞரிடம் பேசியபோதுதான் தெரிந்தது. அந்த வாரமே இருவரும் புதிய உயில் எழுதினோம். என் ஊர்ச் சொத்துக்கு அவர் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டுத் தனியே இன்னொன்றும் எழுதி வைத்தேன்.