வலது கல்லீரல், வெள்ளிக்கிழமை

மார்ச் 7, சனி

வெள்ளிக்கிழமை ஒரு நோயாளியின் வலது கல்லீரலை வெட்டி எடுக்க வேண்டும். மறுபடியும் அதே ஸ்கேன். கல்லீரலின் ஐந்தாம், எட்டாம் பகுதிகளிலிருந்து அதன் நடுச் சிரைக்கு வரும் கிளைகளை எண்ணினேன். வெட்டுக்கோட்டில் இரண்டு. பெரியது 6 மி.மீ. ரத்தம் போவதானால் அங்கேதான் போகும்.

மார்ச் 8, ஞாயிறு

பிரிங்கிள் (கல்லீரலுக்கு வரும் ரத்தத்தை வாசலில் கிளாம்பாலோ டேப்பாலோ அடைப்பது) போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மிச்சம் தமனி வழியாக. கிளாம்ப் அடைப்பது இந்த இரண்டு வரத்தையும்தான். ரத்தம் வெளியேறும் கல்லீரல் சிரைகளில் வால்வு கிடையாது. அவை போய்ச் சேரும் பெருஞ்சிரையில் என்ன அழுத்தமோ அது வெட்டுமுகம் வரை திரும்பி வரும். பிரிங்கிள் 1908இல் கிளாஸ்கோவிலிருந்து எழுதியது விபத்தில் கிழிந்த கல்லீரலைப் பற்றி. அவர் அறுவை செய்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு விரல் பிடி இன்றுவரை நம்மைக் காப்பாற்றுகிறது. பாதி தூரம்.

மார்ச் 9, திங்கள்

பிளேட்லெட் 1,42,000. அப்பாடா.

மார்ச் 10, செவ்வாய்

"எவ்வளவு காய வைக்கணும் சார்?" என்று கேட்டார் மயக்க மருத்துவர். திரவத்தைக் குறைத்துச் சிரை அழுத்தத்தை இறக்குவதைச் சொல்கிறார். கேட்டதே பெரிய நிம்மதி. சி.வி.பி. (பெருஞ்சிரை அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே. பிளந்து முடிக்கும் வரை திரவம் மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. மட்டும். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கக் கூடாது. சிறுநீர் மணிக்கு 25 மி.லி. வந்தால் போதும். பீப்பை (மூச்சு விட்ட பிறகும் வென்டிலேட்டர் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) ஏற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தசைத் தளர்வு விட்டுப்போய் நோயாளி லேசாக முக்கினாலே வெட்டுமுகம் நனைந்துவிடும்.

திரையில் தெரியும் எண்ணைவிடப் பெருஞ்சிரையைத்தான் நம்புவேன். துடிப்போடு தளர்ந்து அலைந்தால் ஆரம்பிக்கலாம். கருநீலமாகப் புடைத்து நின்றால் காத்திருக்க வேண்டும். அப்படியும் இறங்கவில்லையா, சிறுநீரகச் சிரைகளுக்கு மேலே, கல்லீரலுக்குக் கீழே, பெருஞ்சிரையைப் பாதி இறுக்கலாம். அழுத்தம் சட்டென்று விழும், முன்கூட்டியே சொல்லிவிட்டு இறுக்க வேண்டும்.

இவ்வளவு காய வைத்தால் காற்றுப் பயம். சிரையில் துளை விழுந்தால் ரத்தம் வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு திடீரென்று சரிந்தால் எதையும் தேட வேண்டாம்: விரலால் அமுக்கு, சலைனைக் கொட்டு, தலையைத் தாழ்த்து.

மார்ச் 11, புதன்

டிரானெக்சாமிக் அமிலம் (உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து) கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். 2024இல் வந்த ஹெலிக்ஸ் ஆய்வில் கல்லீரல் அறுவை செய்துகொண்ட 1,200 பேருக்கு மேல் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை, சிக்கல்தான் சற்றுக் கூடியது. வேண்டாம்.

இரவு. இடது இரைப்பைத் தமனியிலிருந்து கல்லீரலுக்குக் கிளை ஏதும் போகிறதா என்று திரும்பப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் சிறு வபையில் (இரைப்பையைக் கல்லீரலோடு இணைக்கும் சவ்வு) தனியே பிடிக்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு பிரிங்கிள் டேப்பை எவ்வளவு இறுக்கினாலும் இடப்பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். 15 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் தளர்வு. நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஒரு ஆள். தளர்த்தும் 5 நிமிடமும் வெட்டுமுகத்தைத் துணியால் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். தைக்கத் தொடங்கினால் அவசரத்தில் சிரை கிழியும்.

மார்ச் 12, வியாழன்

அந்த 6 மி.மீ. கிளை.

கியூசா (மீயொலியால் கல்லீரலைப் பிளக்கும் கருவி) பழுது, நாளைக்குக் கிடைக்காது. கோபம் வந்தது, பிறகு அடங்கியது. கெல்லி இடுக்கி இருக்கிறது. 2005இல் சூரிச்சில் நான்கு முறைகளை ஒப்பிட்டபோது, பிரிங்கிளோடு கெல்லியால் நசுக்கிப் பிளந்ததுதான் வேகம், ரத்த இழப்பும் அதில்தான் குறைவு. நுனியை ஒரு செ.மீ.க்கு மேல் நுழைக்காமல், மெல்ல நசுக்கி, எஞ்சும் இழைகளைப் பார்க்க வேண்டும். 2 மி.மீ.க்குக் குறைந்தவற்றை பைபோலார் மின்சூட்டால் அடைக்கலாம். அதற்கு மேல் கட்டு. பெரிய சிரையின் பக்கக் கிளைக்குக் கிளிப் மட்டும் போதாது: சக்ஷன் நுனி உரசினாலே கழன்று, சுவரையும் கிழித்துக்கொண்டு போகும். துளை விழுந்தால் கண்மூடித்தனமாகக் கிளாம்ப் போடாதே. விரல், பிறகு 5-0 புரோலீன் நூலால் தையல்.

ஆழம் போகப் போக ரத்தம் கூடும். அதற்குத்தான் அறுவை மருத்துவர் பெல்கிட்டி 2001இல் எழுதிய தொங்கு டேப். வலது, நடுச் சிரைகளுக்கு இடையே, பெருஞ்சிரையின் முன்முகத்தை ஒட்டி நுழைத்துத் தூக்கினால் வெட்டின் ஆழ்பகுதி மேலே வரும், வெட்டின் இரு முகங்களும் நெருங்கி அமுங்கும். வழியில் தடை தெரிந்தால் தள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். வலது கல்லீரலை அதிகம் சுழற்றவும் வேண்டாம். பெருஞ்சிரை முறுக்கிக்கொண்டு அழுத்தம் விழும்.

கடைசியில் திரவத்தை ஏற்றி, சி.வி.பி. உயர்ந்த பிறகு வெட்டுமுகத்தை இன்னொரு முறை பார்க்காமல் மூடக் கூடாது. காய்ந்திருக்கும்போது எல்லாமே காய்ந்ததாகத்தான் தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

காலை 5.10. நான்கு யூனிட் தயார் என்று ரத்த வங்கியிலிருந்து சொன்னார்கள். 5-0 புரோலீன் மேசையில் எத்தனை என்று கேட்க வேண்டும்.