மூடிய ஜன்னல்கள்

இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே தாழ்வாக ஒரு போயிங் 767 விமானம் இறங்கியது.

ஜன்னலே இல்லை!

இல்லை என்பதைவிட, அடைத்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் வரிசையாக அந்தத் தடம் மட்டும் தெரிந்தது, வீட்டுச் சுவரில் பழைய ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசின மாதிரி. சீட்டையெல்லாம் பிடுங்கி, தரையைப் பலப்படுத்தி, இடப்பக்கம் பெரிய கதவு ஒன்றை வெட்டினால் பயணிகள் விமானம் சரக்கு விமானம் ஆகிவிடும்.

பிரிட்டிஷ் விமானப்படையே அப்படிச் செய்திருக்கிறது. 1982-இல் தென் அட்லாண்டிக்கில் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போருக்குப் பிறகு அவ்வளவு தூரம் ஆளும் எண்ணெயும் கொண்டுபோக விமானம் போதவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸிடம் 6, அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்திடம் 3 என்று ட்ரைஸ்டார் என்ற பயணிகள் விமானங்களை வாங்கினார்கள். அந்த ஆறும் பறக்கும் பெட்ரோல் பங்க் ஆயின: சரக்கு அறையில் கூடுதல் டாங்கி, வால்பக்கம் அடியில் இரண்டு குழாய். போர் விமானம் பின்னாலேயே வந்து, குழாய் முனையில் இருக்கும் கூடையில் தன் முன்பக்கம் நீட்டியிருக்கும் குழாயை நுழைத்து எரிபொருள் குடிக்கும். பான் ஆமின் மூன்றும் கடைசிவரை ஆள் ஏற்றத்தான்.

ட்ரைஸ்டார்கள் 2014 மார்ச் வரை ஓடின. விமான நிறுவனம் கழித்துவிட்ட வண்டி அப்புறம் முப்பது வருஷம்! நம் ஊரில் பழைய பஸ்ஸுக்குக்கூட இந்த யோகம் கிடையாது.

சரி, பஸ் வந்துவிட்டது. மாடியில் ஜன்னல் சீட் கிடைத்தது.