பல்லுக்குப் போய் வயிற்றுக்குச் சீட்டு வாங்கிய கதை

மகனுக்கு 4 வயது. மேல் முன்பற்களின் நுனி மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஆகிவிட்டது. தண்ணீர் குடித்தாலே கூச்சத்தில் அழுவான். அம்பாசமுத்திரத்தில் காட்டினால், "பால் பல்தானேம்மா, எப்படியும் விழுந்திடும்" என்று அனுப்பிவிட்டார்கள். முன்பல் விழவே 6, 7 வயதாகும். கடைவாய்ப் பற்கள் 10 வயதைத் தாண்டியும் இருக்கும். அதுவரை பிள்ளை எதை வைத்து மெல்லுவான்?

பாளையங்கோட்டையில் பார்த்த இன்னொருவர் எல்லாம் சொத்தை, வரிசையாக கேப் போடணும் என்று செலவுக் கணக்கை நீட்டினார். சொத்தை என்றால் குழி விழும், கறுக்கும். இவனுக்கோ பல் வழவழவென்று மஞ்சளாகத் தேய்ந்திருந்தது. நான் நம்பவில்லை. வீட்டில் ஆச்சி வேறு, உப்பும் கரியும் வைத்துத் தேய்க்கச் சொல்லி ஒரே பிடியாக நின்றார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். காரணம் அமிலம் என்று பின்னால்தான் தெரிந்தது. அதில் இளகிய எனாமலை, அதாவது பல்லின் கெட்டியான மேலடுக்கை, அது சுரண்டி எடுத்துவிடும்.

கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில், குழந்தைகளுக்கான பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "முன்பல்லோட உள்பக்கம்தான் ரொம்பக் கரைஞ்சிருக்கு. ராத்திரி புளிச்ச ஏப்பம் விடுறானா?" விடுகிறான்! தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கிவிடுவான். கலர், ஜூஸ் என்று குடிக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வெளிப்பக்கம் தேயுமாம். உள்பக்கம் என்றால் வயிற்று அமிலத்தைச் சந்தேகிக்கணுமாம். அதுவரை ஒருத்தரும் பல்லின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

குழந்தை மருத்துவருக்கு எழுதித் தந்தார். சீட்டுப் போடும் இடத்தில்தான் வினையே. "பல்லுக்குச் சீட்டு போட்டுட்டு வயித்துக்குக் காட்டணும்னா எப்படிம்மா? நாளைக்கு வாங்க." மறுநாள் போனால், எழுதிய தாளில் முத்திரை இல்லையாம். மறுபடி மாடி ஏறி, முத்திரை வாங்கி இறங்குவதற்குள் சீட்டு நேரம் முடிந்துவிட்டது. அறையை விட்டு வெளியே வருமுன் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் சரிபாருங்கள். பல்லைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பிள்ளை வாய் திறக்காது.

அப்புறம் எல்லாம் சுலபம். வயிற்றுக்கு மருந்து, சீக்கிரமே இரவுச் சாப்பாடு, பல்லை உறுதியாக்க மேலே பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், கடைவாய்ப் பல்லில் சிமெண்ட் அடைப்பு. சத்துக்கென்று சப்பிக்கொண்டிருந்த வைட்டமின் சி மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள், அதுவும் அமிலம்தான். புளிச்சு மேலே வந்தால் உடனே பிரஷ் பண்ணாமல் தண்ணீரில் கொப்பளிக்கணும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ்.

கூச்சம் இப்போது குறைந்திருக்கிறது. அடுத்த வார்னிஷுக்குத் தேதி எழுதி வாங்கியாயிற்று, முத்திரையோடு.