காரையில் கடல், கல்லமேட்டில் டைனோசர்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் புதைபடிவம் பார்க்க அழைத்துப் போவது இந்த வருடமும் தொடர்கிறது. ஒரு மாற்றம் மட்டும்: முதலில் விளக்கம் சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன். பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பொட்டலில் இறக்கிவிட்டு, "பாருங்கள், அளந்து நோட்டில் வரையுங்கள், எதையும் பையில் போடக் கூடாது" என்பதோடு சரி.

மழை அரித்து வரி வரியாகக் கிடக்கும் களிமண் மேடுகள் அவை. காலடியில் ஜிப்சம் தகடுகள் மினுக்கும். நடுநடுவே ஒரு நுனி கூரான பழுப்பு நிறக் குச்சிகள், விரல் பருமன்கூட இருக்காது. போன முறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கண்டதும் "டைனோசர் பல்லா அக்கா?" என்றாள். பதில் சொல்லாமல் லென்ஸைக் கொடுத்தேன். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்து, நடுப்புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கோடுகள் ஓடுவதை வரைந்தாள். "பல்லுக்குள்ள இப்படி இருக்காதே" என்று அவளே சொன்னாள். அது பெலம்னைட். கணவாய் மீனுக்கு உறவான, இன்று அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் உடலுக்குள் இருந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) தண்டு. சுரண்டிய தூளில் வினிகர் விட்டால் நுரைக்கும். ஜிப்சத்தில் விட்டால் நுரைக்காது, ஆனால் அதை நகத்தாலேயே கீறலாம். இந்த இரண்டையும் தாங்களே செய்து பார்த்துவிட்டால், அப்புறம் யாரும் ஜிப்சத்தைக் காட்டி எலும்பு என்பதில்லை.

கணவாய் இனம் கிடந்தால் அது கடல். கடலடியில் ஏன் டைனோசர் தேடுகிறோம்? அவர்கள் வாயிலிருந்தே இந்தக் கேள்வி வரட்டும் என்று காத்திருந்தேன், வந்தது. இங்கே பாறை அடுக்குகள் கிழக்கே சரிந்திருப்பதால், கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறையும். காரைக் களிமண்ணுக்குச் சுமார் 10 கோடி ஆண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டை எட்டும்போது ஏறத்தாழ 7 கோடி; கடல் விலகி, ஆறு மணலும் களிமண்ணும் கொட்டிய நிலம். டைனோசர் எலும்பு கிடைத்தது அங்கேதான்.

நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருஹத்காயோசரஸ் என்று பெயரிட்ட டைனோசர் அந்த மண்ணுடையது. கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. இன்று நம்மிடம் மிஞ்சியவை படங்களும் அளவுக் குறிப்புகளும்தான். இதைச் சொன்ன பிறகு யாரும் ஸ்கேல் வைக்காமல் வரைவதில்லை.

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த 'முட்டைகள்' பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். 2020-இல் டைனோசர் முட்டை என்று பரபரப்பான உருண்டைக் கற்கள் அவை. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு முட்டை இல்லை என்றார்கள். கடல் படிவுகளில் வண்டல் திரண்டு இப்படி உருண்டையாவது சாதாரணம். முட்டை என்றால் மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும், அதில் நுண்துளைகளும் இருக்க வேண்டும். ஒரு பையன் உடனே வீட்டிலிருந்து கோழி முட்டை ஓடு கொண்டுவந்து லென்ஸில் துளை தேட ஆரம்பித்துவிட்டான். டார்ச்சை ஓட்டின் உட்புறம் பிடித்தால் துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும்; நல்ல வேலை.

அடுத்தது இதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். 18 மீட்டர் நீளக் கல்மரத்தைத் தொடாமல், எதிலிருந்து எது வரை மரம், எங்கே கிளை முறிந்த வடு என்று வரைய வேண்டும். அதற்குள் லென்ஸ் இன்னும் சில வாங்கணும். 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸே தாராளம்.